வதனி சாகாத தோட்டம்

மலாயாவில் செடெனாக் ரயில் நிலையத்தில் கதிரேசுவுக்கு இடப்பட்ட வேலை, ரயிலில் வரும் பார்சல்களை இறக்கி உரியவர்களிடம் ஒப்படைப்பது. அவன் செய்துவந்த வேலை, அவற்றில் எது புத்தகக் கட்டு என்று விரலால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்து, உறை கிழியாமல் பிரித்து, படித்து முடித்து, சோற்றுப் பசையால் ஒட்டி, அதற்குப் பிறகு உரியவர்களிடம் ஒப்படைப்பது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தாமதம் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பது அவனுடைய கருத்து. கூலாய் ஊர் மளிகைக் கடைக்காரர் சென்னையிலிருந்து தருவித்த துப்பறியும் நாவல்கள், தோட்டத்துத் துரைகள் லண்டனிலிருந்து தருவித்த காதல் நாவல்கள், பாதிரியாருக்கு வந்த ஞான நூல்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் முதல் வாசகன் அவன்தான். ஞான நூல்கள் மட்டும் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தன.

இப்படிப் படித்ததில் அவன் ஓர் இலக்கிய விதியைக் கண்டுபிடித்தான். கதாநாயகி பிழைத்துக்கொண்ட நாவலை முடித்த கையோடு அவனுக்குப் பசித்தது. கதாநாயகி செத்துப்போன நாவலை முடித்த அன்று, அவன் தங்கியிருந்த வீட்டில் மாமி வைத்த மீன்குழம்பு அப்படியே இருந்தது. ஆகவே பசியைக் கெடுப்பதுதான் உயர்ந்த இலக்கியம். நாவல் எழுத உட்கார்ந்தபோது கதிரேசுவுக்கு இருபது வயது. கதை இன்னதென்று தெரியவில்லை. கதாநாயகி சாவாள் என்பது மட்டும் தெரிந்தது.

நாவலின் பெயர் 'இந்திரவதனி அல்லது இருளில் மறைந்த இளநிலா'. சிங்கப்பூரிலிருந்து வாராவாரம் வரும் 'தென்கடல் தூதன்' பத்திரிகையில் அது தொடராக வந்தது. நாவல் என்றால் சென்னையில்தான் நடக்க வேண்டும். அதில் அவனுக்கு ஐயமே இல்லை. சென்னையை அவன் கண்டதில்லை. சிறுவனாக யாழ்ப்பாணத்தில் கப்பலேறியவன் மலாயாவில்தான் இறங்கினான். எனவே கதாநாயகன் சுகுமாரனுடைய சென்னை மாளிகைத் தோட்டத்தில் ரம்புத்தான் காய்த்துக் குலுங்கியது. மாலை நேரங்களில் சீனக் காய்கறிக்காரன் தோளில் காவடி போட்டுக்கொண்டு கூவிச் சென்றான். மத்தியானத்தில் தவறாமல் மழை பெய்தது. பத்திரிகாசிரியர் சிங்கப்பூரிலேயே பிறந்தவராகையால் அவரும் இதில் குறை காணவில்லை.

அத்தியாயத்துக்கு ஒரு நிலாவாவது இருக்கும். புனைபெயரையும் நிலாவை வைத்தே போட்டுக்கொண்டான்: மதிமயங்கி. அந்த மதிமயங்கி யாரென்று பத்திரிகாசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது. நிலையத் தலைவரும் கதிரேசுவின் தாய்மாமனும் அவனுக்குச் சோறு போடுபவருமான சிவசம்புவுக்கு அறவே தெரியாது. அவர் வாரந்தோறும் தொடரைப் படித்துவிட்டு, "மதிமயங்கியாம். பேரிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டான், பாவி," என்று சொல்லிப் பத்திரிகையை மடிப்பார். மருமகன் ரயில்வே பரீட்சைக்குத்தான் கண்விழித்து எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க கதிரேசுவுக்கு மனம் வரவில்லை.

வதனி விஷக்காய்ச்சலில் செத்தாள். அந்த அத்தியாயத்தை எழுதும்போது கதிரேசு அழுதான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்து, தான் அழுதது நியாயம்தான் என்று கண்டு மறுபடியும் அழுதான். அது அச்சில் வந்த வாரம் சிவசம்பு ஒன்றும் சொல்லவில்லை. மீன்தலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனார். மாமாவுக்குச் சுகமில்லையோ என்று மாமி பயந்தாள். கதிரேசு அந்த மீன்தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தான் நாவலாசிரியன் ஆகிவிட்டதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் அவனுக்குக் கிடைத்திருக்க முடியாது.

அந்தத் துணிச்சலில், வதனியின் சமாதியில் சுகுமாரன் புலம்பும் அத்தியாயத்துக்குப் படம் போட வேண்டுமென்று பத்திரிகாசிரியரை அரித்தெடுத்தான். படம் வரைபவருக்கு நான்கு பக்கம் குறிப்பும் எழுதி அனுப்பினான். சமாதியின் மேல் மாலையிட்ட வதனியின் உருவப்படம் இருக்க வேண்டும், அவள் முகத்தில் மென்சோகம் தவழ வேண்டும், காதில் தோடு மின்ன வேண்டும், மேலே நிலா இருக்க வேண்டும். அவர் இசைந்து, அடுத்த இதழில் உருக்கமான சித்திரத்துடன் என்று கட்டம் கட்டி அறிவித்தும்விட்டார்.

அந்த அறிவிப்பு வந்த இதழை வாங்க ஏழாவது மைலில் இருந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்திலிருந்து தபால் எடுக்கும் லெட்சுமணன் சைக்கிளில் வந்தான். கதிரேசு பசைக் கிண்ணமும் கையுமாக இருந்தான்.

"பேப்பர் வந்துருச்சுங்களா ஐயா? அங்க எல்லாரும் எங்கழுத்த நெரிக்கிறாங்க."

"நீங்கள் பேப்பர் வாசிக்கிறனீங்களோ?"

"எனக்கு எழுத்து எங்க தெரியும்? ஆயாக்கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்குற கிருஷ்ணம்மா படிக்கும், நாங்க குந்திக் கேப்போம். வதனி கடை வச்சதுலேருந்து ஒருத்தனும் ஞாயித்துக்கிழமை கள்ளுக்கடை பக்கம் தலைவச்சுப் படுக்குறதில்ல."

கதிரேசு பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "என்ன கடை?"

"சாப்பாட்டுக் கடை லா. இட்டிலி, புட்டு. திறந்து ரெண்டு வாரமாச்சு. கூட்டம் தாங்கல."

"வதனிக்குக் காய்ச்சல் வந்ததெல்லோ?"

"வந்துச்சு. பொழைச்சுக்கிச்சு." லெட்சுமணன் அவனை இரக்கத்தோடு பார்த்தான். "ஐயா நடுவுல விட்டு விட்டுப் படிக்கிறீங்க போல."

தன் நாவலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள கதிரேசு அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாங்கட்டைக்கு நடந்தான். மாமாவிடம் பரீட்சைக்குப் படிக்கும் நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான்.

ஆயாக்கொட்டகை என்பது மூங்கில் தட்டி அடைத்த நீளக் கூடம். வார நாட்களில், பால் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். விட்டத்திலிருந்து துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. அன்று பெரியவர்கள் தரை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காத சிலர் தொட்டிலை ஒதுக்கிவிட்டு நின்றார்கள். ரயில்வே சட்டையைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். கதிரேசு அதில் உட்கார்ந்தான்.

கிருஷ்ணம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். சிம்பாங் ரெங்கத்தில் தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு மகளாகப் பிறந்து, இங்கே பால் ஸ்டோரில் வேலை செய்யும் மணியத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு, மறுகையில் பத்திரிகையைப் பிடித்துப் படித்தாள். நல்ல குரல். கதிரேசு காதைத் தீட்டிக்கொண்டான். அந்த அத்தியாயம் நிலாவில் தொடங்கும். வெள்ளித் தகட்டையும் பாற்கடலையும் பிரிந்த காதலரையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிய பத்தி அது; அதை மூன்று முறை திருத்தி எழுதியிருந்தான்.

"ராத்திரி ஆச்சு," என்று படித்தாள் கிருஷ்ணம்மா.

கதிரேசு பெட்டியில் கொஞ்சம் அசைந்தான். அவள் தொடர்ந்தாள். அச்சில் சுகுமாரன் சயன அறையில் தனியாக விழுந்து கிடந்தான். கிருஷ்ணம்மா அவனை எழுப்பித் தெருவுக்குக் கொண்டுவந்தாள். பசியோடு நடக்கவிட்டாள். ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் நிறுத்தினாள். உள்ளே அடுப்படியில் வதனி இட்டிலித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். புகையில் அவனை அவள் பார்க்கவில்லை. அங்கே வந்ததும் கிருஷ்ணம்மா, அச்சில் இருந்த வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தாள்: "ஐயகோ வதனி, உன் கரத்தால் ஒரு கவளம் அன்னமேனும் உண்ணும் பேறு பெறாமற் போனேனே!"

"உள்ள போயிப் பாரேண்டா, கழுத," என்றான் லெட்சுமணன்.

"புகை லா, தெரியல அவனுக்கு," என்று ஒரு பெண் சுகுமாரனுக்குப் பரிந்து பேசினாள்.

"எட்டூருக்குக் கேக்குற மாதிரி அழத் தெரியுது. கதவைத் தட்டத் தெரியலையா?"

கதிரேசு எழுதும்போது அந்த வரி வெறும் அழுகையாகத்தான் இருந்தது. இப்போது கூடமே பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தது. அவனும் பார்த்தான், பிறகு சுதாரித்துக்கொண்டு, அப்படி ஒரு கதவே நாவலில் இல்லை என்று தனக்கு நினைவூட்டிக்கொண்டான். முன்வரிசையில் நரைத்த ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவில்லை. வதனி அடுப்பை ஊதியபோது அவளும் உதட்டைக் குவித்தாள்.

கூட்டம் கலைந்ததும் கிருஷ்ணம்மா நேரே அவனிடம் வந்தாள். "ஐயா எழுத்துப் படிச்சவங்க. நான் பண்றது தெரிஞ்சிருக்கும். காட்டிக் குடுத்துறாதீங்க."

"ஏன் மாத்தி வாசிக்கிறியள்?" என்றான் கதிரேசு. குரலில் வாசகனுக்குரிய சாதாரண ஆவல் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொண்டான். "வதனி செத்துப் போனாள் எண்டுதானே எழுதியிருக்கு. அது நல்ல இடமெண்டு ஆக்கள் சொல்லுகினம்."

"நல்லாத்தான் இருக்கும். நான் அதை முன்னாடி பாத்து வைக்கல, அதான் வினை. படிச்சுக்கிட்டே போறேன், வதனிக்குக் காய்ச்சல்னு வருது. முன்வரிசையில நரைச்ச தலையோட பாத்தீங்களே, கருப்பாயி அக்கா. அதோட மக தனலெட்சுமி அதே காய்ச்சல்ல போச்சு. கருமாதி முடிஞ்சு மொத ஞாயிறு அன்னிக்கு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. தோடு கழட்டிட்டாங்களான்னு."

கதிரேசுவுக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குள்ள நம்மள விடமாட்டாங்க ஐயா. வெளிய மரத்தடியில உக்காந்திருப்போம். உயிர் போச்சுன்னா டிரஸ்ஸர் மொதல்ல காதுத் தோடு கழட்டி, காகிதத்துல மடிச்சு எடுத்துக்கிட்டு வருவாரு. வாயத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டாரு. காகிதத்தைப் பாத்தாலே தெரிஞ்சுரும். அதான் அக்கா கேட்டுச்சு. நான், இல்லக்கா, தோடு காதுலயேதான் இருக்குன்னுட்டேன். சொன்ன பிறகு எப்படிச் சாகடிக்கிறது?"

"அடுத்த கிழமை செத்தவீடு வந்ததே. அதை என்ன செய்தியள்?"

"அந்தப் பாடையில சுகுமாரனோட அத்தைய ஏத்தி அனுப்பிட்டேன்."

சுகுமாரனுக்கு அத்தை இருப்பது கதிரேசுவுக்கு அதுவரை தெரியாது.

"அந்த மதிமயங்கி யாருன்னு எனக்குத் தெரியல," என்றாள் கிருஷ்ணம்மா, இடுப்பிலிருந்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டபடி. "நல்ல மனுசனாத்தான் இருப்பாரு. ஆனா வீட்டுல ஒரு சாவும் பாத்திருக்கமாட்டாரு. பாத்தவன் இத்தனை நிலா போடமாட்டான்."

தொட்டிலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலிருந்த கட்டத்தை அவனிடம் காட்டினாள். "இதுதான் ஐயா இப்பத் தலைவலி. அடுத்த வாரம் படம் போடுறாங்களாம். எழுத்துன்னா தாண்டிருவேன். படத்தை எப்படித் தாண்டுறது? படிச்சு முடிச்சதும் பேப்பர் கைமாறிப் போகும், எல்லாரும் பாப்பாங்க. சமாதி, மாலைன்னு இருந்தா அக்கா மொகத்துல நான் முழிக்க முடியாது." குரலைத் தாழ்த்தினாள். "பேப்பர் கட்டு உங்க கையில இறங்கித்தானே வருது? ஒரே ஒரு வாரம் தொலைஞ்சு போனா யாரு கேக்கப் போறா?"

ரயில்வே ஊழியன் பார்சலைத் தொலைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று கதிரேசு விளக்கத் தொடங்கினான். இதுவரை எத்தனை பார்சலைப் பிரித்தோம் என்ற நினைவு குறுக்கே வந்தது. "பார்ப்பம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வழி நெடுக அவனுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். வதனி தன்னுடைய வதனி, அவளை வாழ வைக்கவோ சாகடிக்கவோ தனக்கு மட்டுமே உரிமை என்றான் ஒருவன். அந்தத் தோட்டத்தில் ஒருத்திக்குக்கூட உன் வதனியைத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்தவள் இட்டிலி விற்கிறாள் என்றான் மற்றவன். நிலையம் கண்ணுக்குத் தெரியும்வரை மற்றவன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

பிறகு பத்திரிகைக் கட்டு வந்தது. கதிரேசு பார்சல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தான். படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. மென்சோகம் தவழவில்லை, உருவப்படத்திலிருந்த பெண் யாரையோ அதட்டப் போகிறவள்போல் பார்த்தாள். நிலாவை மறந்துவிட்டார்கள். சுகுமாரனுக்கு மீசை முளைத்திருந்தது. நான்கு பக்கக் குறிப்பில் ஓவியர் மதித்தது ஒன்றே ஒன்றுதான்: தோடுகள். அவை தட்டுப்போலப் பெரிதாக, கோடு கோடாக மின்னின. இத்தனை இருந்தும் அது அவன் எழுத்துக்கு வந்த முதல் படம். கீழே 'மதிமயங்கி' என்று தடித்த எழுத்தில் இருந்தது. கதிரேசு அதை விரலால் தடவிப் பார்த்தான், மை ஒட்டிக்கொண்டது.

ஏழாங்கட்டைக்குப் போகவேண்டிய பிரதியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்த்தான். மறுபடி தள்ளினான். லெட்சுமணன் வந்து மணியடித்தபோது அது பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது.

"படம் வந்துருச்சாமே ஐயா? தோட்டமே காத்துக்கிட்டு இருக்கு. இந்தக் கதைக்கு ஒரு மொகம் பாக்கப் போறோம்னு."

தோட்டமே காத்திருக்கிறது என்ற சொல் கதிரேசுவின் காதில் விழுந்தது. அவன் குனிந்து பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டான். சைக்கிள் தண்டவாளத்தைத் தாண்டி மறைந்த பிறகுதான், தான் கொடுத்தது என்ன என்பது அவனுக்கு உறைத்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அவனுடைய சொந்த விதிப்படி அவன் உயர்ந்த இலக்கியம் ஒன்றைப் படைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கொட்டகைக்குள் நுழைந்ததும் கிருஷ்ணம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பேசாமல் படிக்கத் தொடங்கினாள். அன்று அவளுடைய படிப்பு நன்றாக இல்லை. வதனியின் கடைக்கு மழை ஒழுகியது, விறகு நனைந்தது, கதை நகரவில்லை. முடிந்ததும் பத்திரிகையை மடித்துத் தொட்டில் துணிக்குள் செருகப் போனாள்.

"படம் எங்க?" என்றான் லெட்சுமணன்.

"அது ஒண்ணும் நல்லா இல்ல."

"நல்லா இருக்கா இல்லையான்னு நாங்க சொல்றோம். கொண்டா இப்படி."

பத்திரிகை கைமாறியது. வரிசை வரிசையாக அது போகப் போக, பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. கட்டிய கல், அதன்மேல் உருவப்படம், அதற்கு மாலை, பக்கத்தில் அழும் ஆண். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

"சுகுமாரன் யாருக்கு அழுவுறான்?" என்றது ஒரு குரல்.

"அவங்க அத்தைக்கு," என்றாள் கிருஷ்ணம்மா.

லெட்சுமணன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அலமாக். அத்தைக்கு வயசு பதினெட்டுதான் இருக்கும் போல."

ஒருவரும் சிரிக்கவில்லை. பத்திரிகை முன்வரிசைக்கு வந்து கருப்பாயியின் மடியில் நின்றது.

கதிரேசு எழுந்தான். நான்தான் மதிமயங்கி, இது வெறும் கதை, வதனி என்று ஒருத்தி கிடையாது என்று சொல்லத்தான் எழுந்தான். அதில் எதைச் சொன்னாலும் அவள் இரண்டாம் முறை செத்துப்போவாள் என்று எழுந்த பிறகே தெரிந்தது. வாயைத் திறந்தபடி நின்றான்.

கருப்பாயி படத்தை நெடுநேரம் பார்த்தாள். கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்த விரலால், மாலையிட்ட பெண்ணின் ஒரு காதைத் தொட்டாள், மறுகாதையும் தொட்டாள்.

"தோடு போட்டிருக்கா," என்றாள்.

பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு காதுலயும் இருக்கு பாருங்க. கழட்டல." பத்திரிகையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். "இவன் யாரு பேச்சையோ கேட்டுக்கிட்டுக் கல்லு கட்டிட்டு அழுவுறான். புள்ள உசுரோடதான் இருக்கு."

மூச்சு விடும் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒருத்தி, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கருப்பாயி பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த கதிரேசுவைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. அவன் இதுவரை படித்த புத்தகம் எதுவும் அதற்கு உதவவில்லை.

"ஐயா ஏதோ சொல்ல வந்தீங்க."

"ஓம்," என்றான் கதிரேசு. "நீங்கள் சொன்னது சரிதான். அவனுக்குப் பொய் சொல்லிப் போட்டாங்கள்."

"எந்தப் பய?" என்றான் லெட்சுமணன்.

"எழுதினவன்தான். அவனுக்கு ஒண்டும் ஒழுங்காத் தெரியாது. அவசரப்பட்டுப் போட்டான்."

கிருஷ்ணம்மா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப வதனி எங்க இருக்கா?" என்று கேட்டாள் கருப்பாயி. "ரம்புத்தான் மரம் இருக்குற அந்த ஊருலயே தானா?"

கதிரேசுவுக்குச் சென்னையின் ஒரு தெருக்கூட நினைவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் பார்சல் அறை, தண்டவாளம், அதற்கு அப்பால் வரிசையாகப் பால் மரங்கள். "இல்லை. கப்பலேறி இஞ்சால வந்திட்டாள். செடெனாக்கிலைதான் இறங்கினவள். நான்தான் அவளின்ர பெட்டியை இறக்கி வச்சனான்."

தன் வாயிலிருந்து இது வந்ததைக் கேட்டு மற்றவர்களைப்போலவே அவனும் வியந்தான்.

"எந்தப் பக்கம் போனா?"

"அது..." என்றான். நாவலாசிரியன் கையை விரித்தான். ஒன்றும் வரவில்லை. கூட்டம் அவனையே பார்த்தது.

"ஸ்டேசன்லேருந்து நேரா நம்ம பக்கம்தான்," என்று தொட்டிலருகிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் கிருஷ்ணம்மா. "அந்த மழை ஒழுகுற கடை எங்க இருக்குன்னு நெனச்சீங்க? ஏழாங்கட்டைக்கு இந்தப் பக்கம் திரும்புற எடத்துல. ஐயா, நீங்க உக்காருங்க."

கதிரேசு உட்கார்ந்தான். அவள் கையில் பத்திரிகை இல்லை. இனி அது தேவைப்படவும் இல்லை. கடைக்கு ஆட்டுக்கல் இல்லாமல் வதனி தவித்ததையும், யாரிடமும் கேட்க வெட்கப்பட்டதையும் அவள் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்து என்ன ஆகும் என்று கதிரேசுவுக்குத் தெரியவில்லை. பெட்டியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்ததும், முன்னாலிருந்தவரின் தோள் மறைக்கிறதென்று கழுத்தை நீட்டியதும் அவனுக்கே தெரியாது.

எல்லாரும் போன பிறகு கிருஷ்ணம்மா தொட்டில் துணிகளை உதறி மடித்தாள். "'ராத்திரி ஆச்சு'ன்னு படிச்சேன் பாருங்க, அன்னிக்கு உங்க மொகம் போன போக்கைப் பாத்தேன். வேற யாருக்கும் அப்படி வலிச்சிருக்காது."

"பேப்பர்க் கட்டைத் துலைக்காமல் விட்டது என்ர பிழை."

"பிழைதான்," என்றாள் அவள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மடித்த துணியை அவன் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஆட்டுக்கல் ஆர் குடுத்தது?" என்று கேட்டான் கதிரேசு. "அதைச் சொல்லாமல் முடிச்சிட்டியள்."

"அது அடுத்த வாரம்."

"எனக்கு நாளைக்கே தேவை. எழுதி அனுப்ப வேணும்."

கிருஷ்ணம்மா வாசலைப் பார்த்தாள். தூரத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தை நோக்கி, பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கருப்பாயி போய்க்கொண்டிருந்தாள். "அக்கா வீட்டுல ஒரு ஆட்டுக்கல் சும்மாதான் கெடக்கு," என்றாள்.

மறுநாள் சிவசம்பு பார்சல் அறையை எட்டிப் பார்த்தபோது மருமகன் எழுதிக்கொண்டிருந்தான். பரீட்சை நெருங்குகிறதென்று மகிழ்ந்து, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார். உள்ளே வதனி ரயிலிலிருந்து செடெனாக்கில் இறங்கினாள். மத்தியான மழை பெய்தது. அதைப் பற்றி இனி யாரும் குறை சொல்ல முடியாது. மேடையில் சீனக் காய்கறிக்காரன் காவடியை இறக்கி வைத்திருந்தான். ரம்புத்தான் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. செத்தவளைத் திருப்பி அழைத்து வருவதற்குப் பத்திரிகாசிரியர் என்ன சொல்வாரோ என்ற கவலை அவனுக்கு இருந்தது. ஆனால் அதைவிட, ஏழாங்கட்டையில் திரும்பும் இடத்தில் மண் சிவப்பா கறுப்பா என்ற கவலை பெரிதாக இருந்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினான்.

முடித்ததும் பழக்கம் விடாமல் நிலாக்களைத் தேடினான். நான்கு இருந்தன. மூன்றை அடித்துவிட்டு, தோட்டுக் கல்லில் வெளிச்சம் படுவதற்காக ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். அதையும் கிருஷ்ணம்மா தாண்டிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். உறையை ஒட்டினான். நிலையத்தை ஒட்டிய வீட்டில் மாமி சோறு பரிமாறும் சத்தம் கேட்டது. பயங்கரமாகப் பசித்தது.